உம் கொட்டுகிறவன்

பழைய எக்ஸ்ரேயையும் புதியதையும் விளக்குப் பெட்டியில் பக்கத்துப் பக்கத்தில் செருகிவிட்டு, தேவயானி மேடம் ஒதுங்கி நின்றார். நதியாவின் அம்மா சின்னக்குழந்தையின் கால் முன்னெலும்பு முந்தின படத்தில் எந்த இடத்தில் இரண்டாகக் கிடந்ததோ, இந்தப் படத்திலும் அதே இடத்தில், அதே கறுப்புக் கோட்டோடு, கொஞ்சமும் கூச்சமில்லாமல் இரண்டாகவே கிடந்தது.

நதியாவுக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. அம்மாவின் காலில் அம்மாவின் நடை மட்டும் இல்லை, நதியாவின் மானமும் இருந்தது. மாசி மாதம் புளி உலுக்கப் போன இடத்தில் பாறை வழுக்கி விழுந்தவளை, சித்தப்பா ரங்கசாமி நாட்டு வைத்தியரிடம் தூக்கிக்கொண்டு போனார். மூங்கில் பத்தை, முட்டை வெள்ளைக்கரு, பச்சிலை, கட்டு. ஆடி வரைக்கும் கட்டு மேல் கட்டாக மாற்றியும் ஒட்டாத எலும்பை வேலூருக்குக் கொண்டுவந்து காட்டியவள் நதியா. எலும்பு டாக்டர், இடுப்பிலிருந்து கொஞ்சம் எலும்பு சுரண்டி எடுத்து, தகடு வைத்து முடுக்க வேண்டும் என்றார். சின்னக்குழந்தை அதைக் கேட்டதும் கட்டிலை விட்டு ஒற்றைக் காலில் இறங்கி வாசலுக்குப் போகப் பார்த்தாள். கத்தி வைத்தால் பாறையில் விழுந்து செத்துவிடுவேன் என்றாள். ஏற்கெனவே விழுந்தவள்தான்.

அப்போதுதான் தேவயானி மேடம் காந்த மிஷினைப் பற்றிச் சொன்னார். நதியா வேலை பார்க்கும் ஸ்கேன் சென்டருக்கு மாடியில் பிசியோதெரபி நடத்துகிறவர். கால் நுழைகிற அளவுக்கு ஒரு வளையம், உள்ளே செம்புக் கம்பிச் சுற்று, பக்கத்தில் ஓர் இரும்புப் பெட்டி. கரண்டு கொடுத்தால் வளையத்துக்குள் காந்தப் புலம் மெதுவாகத் துடிக்கும். கொஞ்ச நேரம் துடிக்கும், கொஞ்சம் நிற்கும், மறுபடியும் துடிக்கும். வலிக்காது, சுடாது, சத்தம் போடாது. ஒட்ட மறந்துபோன எலும்புக்கு ஒட்டச் சொல்லி ஞாபகப்படுத்தும். சில எலும்பு கேட்கும், சில எலும்பு கேட்காது என்பதையும் மேடம் மறைக்கவில்லை. எலும்பு டாக்டர், சரி, கார்த்திகை வரைக்கும் போட்டுப் பாருங்கள், அதுக்கும் மேலே தள்ளினால் கால் கோணிக்கொள்ளும், அப்புறம் கத்தி வைத்தும் பிரயோஜனம் இல்லை என்று கெடு வைத்தார்.

மிஷினை மலையில் கொண்டுபோய் இறக்கிய அன்று ரங்கசாமி சித்தப்பா சிரித்தார். காந்தத்தால் எலும்பு ஒட்டுமென்றால் அண்ணி நடக்கும்போது ஆணியெல்லாம் வந்து காலில் ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்டார். கூடியிருந்தவர்களும் சிரித்தார்கள். நதியா பி.எஸ்சி. பிசிக்ஸ். அந்த ஊரிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மூங்கில் பத்தையால் ஒட்டியிருந்தால் நான் எதுக்கு இதைச் சுமந்துகொண்டு வரப்போகிறேன் என்று திருப்பிக் கொடுத்தாள். சிரிப்பு நின்றது. நின்றதே தவிர, தீரவில்லை. கார்த்திகையில் எடுத்துச் சிரித்துக்கொள்ளலாம் என்று ஆளுக்குக் கொஞ்சம் மடித்து வைத்துக்கொண்டு போனார்கள்.

இப்போது ஐப்பசி. படம் கறுப்பாகத் தொங்குகிறது.

"தினமும் போட்டீங்களாம்மா?" என்று மேடம் கேட்டார்.

"ஒரு நாளு நிறுத்தல. கரண்டு இருக்கிற நேரமெல்லாம் ஓடினுதான் கீது" என்றாள் சின்னக்குழந்தை.

அது பொய்யில்லை. காட்டச் சொல்லி எடுத்து வந்திருந்த மிஷினை மேடம் முடுக்கிப் பார்த்தார். அதில் பதிந்திருந்த மணிக்கணக்குப்படி, ஓடச் சொன்னதைவிட அதிகமாகவே ஓடியிருந்தது. மேடம் உதட்டைப் பிதுக்கினார். சேராவிட்டாலும் ஓரத்தில் புகை படிந்த மாதிரியாவது புது எலும்பு தெரியணுமே, இது என்னவோ மிஷினையே பார்க்காத கால் மாதிரி இருக்கிறது என்றார்.

அந்த வார்த்தை நதியாவுக்குள் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

பஸ்ஸில் அம்மாவைக் கடைசி நீள சீட்டில் காலை நீட்டி உட்கார வைத்தாள். கணியம்பாடி வரைக்கும் திட்டினாள். அமிர்தி வரைக்கும் கெஞ்சினாள். பஸ் மலை ஏற ஆரம்பித்ததும் வாயை மூடிக்கொண்டாள். சின்னக்குழந்தை எதற்கும் அசையவில்லை. வளைவில் ஏறும்போது மட்டும் ஜன்னலுக்கு வெளியே பனி இறங்குவதைப் பார்த்துவிட்டு, "மழை புடிச்சிக்கினா கரண்ட புடுங்கிடுவான். அதுக்குள்ள போயிடுவோமா?" என்று கேட்டாள்.

கால் சேரவில்லை என்று சற்று முன்னால் கேட்டவளின் முகமாக அது இல்லை. வீட்டில் யாரையோ உட்கார வைத்துவிட்டு வந்தவள் முகமாக இருந்தது.

பஸ் நிற்கிற இடத்துக்குச் சித்தப்பா வண்டி கொண்டுவந்திருந்தார். அம்மாவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு அவர் போனதும், மிஷினைத் தூக்கிக்கொண்டு நதியா நடந்தாள். துணைக்குப் பக்கத்து வீட்டு அம்சவல்லி அத்தை. நதியா வேலூரில் இருக்கும் நாட்களில் அம்மாவுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுக்கிறவள் அவள்தான். கொஞ்ச தூரம் சும்மா வந்தாள். சாமைக் கொல்லை தாண்டியதும் குரலைத் தாழ்த்தி, இனிமேல் கஞ்சியை வாசலில்தான் வைப்பேன், உள்ளே வரமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்கு நேராகச் சொல்லவில்லை. சுற்றி வளைத்து, உங்கம்மா பகலெல்லாம் பேசினே கீறா என்றாள். தனியாக இருக்கிறவள் பேசத்தான் செய்வாள் என்றாள் நதியா.

"தனியா பேசினா நான் இன்னாத்துக்கு பயப்படறேன்? அவ பேசறா, உள்ள இருந்து உம் கொட்றான் நதியா. உங்கண்ணன் கொட்டற மாதிரியே. நான் என் ரெண்டு காதாலயும் கேட்டேன்."

"செத்தப்புறமாச்சும் அவன் ரெண்டு வார்த்த சேத்துப் பேசக் கூடாதா அத்த?"

சொல்லிவிட்டு, மிஷினை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடையை எட்டிப் போட்டாள்.

விஜயராஜ் நதியாவுக்கு மூத்தவன். மூன்று வருடத்துக்கு முன்னால் மேற்கே, எல்லை தாண்டி ஒரு காப்பித் தோட்டத்துக்கு நிழல் மரம் கழிக்கப் போனவன். ஆடி மழையில் மலை சரிந்து, வேலையாட்கள் தங்கியிருந்த வீட்டு வரிசையை மூடியது. பல பேரைத் தோண்டி எடுத்தார்கள். அவனை எடுக்கவில்லை. பேச்சென்றால் அவனுக்கு எட்டிக்காய். யார் எதைச் சொன்னாலும் உம் கொட்டுவான், அவ்வளவுதான். அவனுக்கும் சேர்த்துப் பேசினவள் அம்மா. சாமை புடைத்துக்கொண்டே அவள் ஊர்க் கதை சொல்வாள், அவன் கொடுவாளைத் தீட்டிக்கொண்டே உம் கொட்டுவான். உம் நின்றால் தூங்கிவிட்டான் என்று அர்த்தம்.

அந்த ஊரில் ஆண் பிள்ளைக்கு ஒருத்தனுக்கு ஒரு கொடுவாள். அவன் கைக்கு இழைத்த பிடி, அவன் இடுப்புக்கு ஏற்ற வளைவு. அண்ணன் தம்பியாக இருந்தாலும் ஒருத்தன் கொடுவாளை ஒருத்தன் தொடமாட்டான். செத்தால் தலைமாட்டில் அதையும் வைத்துத்தான் மண் தள்ளுவார்கள். வெளியூரில் செத்து உடம்பு வரவில்லையென்றால், கொடுவாளை மஞ்சள் துணியில் சுற்றி, அதையே ஆளாக வைத்துப் புதைப்பார்கள். துணியைச் சுற்றியபின் யாரும் அவிழ்த்துப் பார்க்கக் கூடாது. அவிழ்த்தால் போனவன் திரும்பிப் பார்ப்பான். தோட்டத்தில் கத்தி அவர்களே கொடுப்பார்கள் என்று விஜயராஜ் தன் கொடுவாளைக் கூரையில் செருகிவிட்டுத்தான் போனான். அதைத்தான் புதைத்தார்கள். துணி சுற்றிக் கொடுத்தவள் சின்னக்குழந்தை. அன்று அழாத ஆள் நதியா மட்டும்தான்.

வீட்டுக்குப் போனபோது சித்தப்பா வாசலில் நின்றுகொண்டிருந்தார். உம் விஷயம் அவர் காதுக்கும் போயிருந்தது. முறையாகப் புதைத்தவன் எதற்காக வருகிறான் என்பதுதான் அவருக்குப் புரியவில்லை. பூசாரியைக் கேட்கப் போவதாகவும், அதுவரைக்கும் மிஷினைப் போட வேண்டாமென்றும் சொன்னார். நதியாவுக்குப் பொறுக்கவில்லை. காந்தம் இரும்பை இழுக்கும், நிக்கலை இழுக்கும், செத்தவனை இழுக்கும் என்று எந்தப் புத்தகத்திலும் இல்லை என்றாள்.

சித்தப்பா இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"காந்தம் இரும்பத்தான் இழுக்கும்னு உனக்குப் படிக்க வெச்சாங்க. செரி. அவன நாங்க புதைச்சதும் இரும்பாத்தானே நதியா?"

அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டினாள்.

அன்று அவள் கண் முன்னால் அம்மா ஒழுங்காகக் காலை வளையத்துக்குள் வைத்துக்கொண்டு படுத்தாள். மிஷின் ஊமையாக ஓடியது. உம்முமில்லை, இம்முமில்லை. அதுதான் நதியாவை உறுத்தியது. அவள் பார்க்கும்போது நடக்காதது, பார்க்காதபோது நடக்கிறது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வேலூருக்குக் கிளம்புகிறேன் என்று பையை மாட்டிக்கொண்டு போனாள். பஸ் வந்தது, நின்றது, போனது. அவள் ஏறவில்லை. புளியமரத்தடியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த வழியே திரும்பினாள்.

பனி தரை வரைக்கும் இறங்கியிருந்தது. எதிரே மாடு வந்தால் மாடு தெரியவில்லை, மணி மட்டும் வந்தது. வீட்டுச் சுவர் கைக்கு எட்டுகிற தூரத்துக்கு வந்தபோது அது கேட்டது.

உம்.

மூக்குக்குள்ளிருந்து, மார்பில் கொஞ்சம் அதிர்ந்து வருகிற உம். பிறகு ஒரு நிறுத்தம். மறுபடியும் உம். நதியாவுக்கு அது என்னவென்று அந்த நொடியே தெரியும். துடிக்கிற காந்தப் புலத்தில் இரும்பை வைத்தால் இரும்பு அதிரும், அதிர்ந்தால் சத்தம் வரும். பள்ளிக்கூடப் பிள்ளை சொல்லிவிடும். எல்லாம் தெரிந்த மூளை தலைக்குள் இருக்க, கழுத்துக்குப் பின்னால் மயிர் எழுந்து நின்றது. படித்தது கழுத்து வரைக்கும் இறங்கவே இல்லை.

உள்ளே அம்மாவின் குரல். இத்தனை வார்த்தைகளை அவள் வாயிலிருந்து கேட்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். மேடம் கட்டியிருந்த சேலை நிறத்தைச் சொன்னாள். உம். பஸ்ஸில் ஒருத்தன் கோழியைப் பையில் போட்டு மறைத்துக் கொண்டுவந்ததையும், அது கண்டக்டர் டிக்கெட் கேட்கும்போது சரியாகக் கத்தியதையும் சொன்னாள். உம்.

"உன் தங்கச்சி கணியம்பாடி வரைக்கும் கத்தினே வந்தாடா. அவளுக்கு எம்மேல கோவம் இல்ல. உங்கிட்ட கடசி வரைக்கும் பேசாம இருந்துட்டமேன்னு அவளுக்கே அவமேல கோவம். நீ ஒண்ணும் மனசுல வெச்சிக்காத."

உம்.

நதியா சுவரில் கையை ஊன்றிக்கொண்டாள். கல்லூரி இரண்டாம் வருடத்தில் சித்தப்பா ஒரு மாப்பிள்ளை கொண்டுவந்தார். அத்தனை பேர் நடுவில் விஜயராஜ் அதற்கும் உம் என்றான். என்னை விற்க ஒரு உம் போதுமா உனக்கு என்று கேட்டுவிட்டு அவள் ஹாஸ்டலுக்குப் போனாள். அவன் பிறகு மனசு மாறி, அவள் படித்து முடிக்கட்டும் என்று சித்தப்பாவிடம் தானே போய் மறுத்துவிட்டு வந்தான். தோட்டத்திலிருந்து இரண்டு தடவை போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. அடுத்த தடவை செய்யட்டும், பேசிக்கொள்ளலாம் என்றிருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

சின்னக்குழந்தை தரையில் உட்கார்ந்திருந்தாள். உடைந்த கால் தலையணை மேல் தனியாகக் கிடந்தது. வளையம் அங்கே இல்லை. பழைய தகரப் பெட்டி ஒன்று, அதன் மூடி மேல் வளையம், வளையத்தைச் சுற்றி அம்மாவின் ஒரு கை. பெட்டி உம் என்றது. நதியா வளையத்தைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு மூடியைத் திறந்தாள். விஜயராஜின் சட்டைகள். அதன் மேல் கொடுவாள்.

யாருடையது என்று கேட்க வேண்டியதில்லை. பிடியில் விரிசல் விட்ட இடத்தில் செம்புக் கம்பி சுற்றியிருந்தது. கல்லூரி லேபில் கழித்துப் போட்ட கம்பியை அவள்தான் கொண்டுவந்து கொடுத்தாள். அவன் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து இழை விலகாமல் சுற்றினான்.

"அப்ப புதைச்சது?"

"என் அறுப்பு அரிவாள்" என்றாள் சின்னக்குழந்தை. "எம்புள்ளயக் கண்ணால பாக்காம எப்பிடி நான் மண்ணத் தள்ளறது? என்னுத வெச்சேன்."

நதியாவுக்குக் கோபம் வந்தது. வேறு எதுவும் வந்துவிடக் கூடாது என்பதற்காகவே வந்த கோபம். அடுப்படியிலிருந்து ஒரு வாணலியைக் கொண்டுவந்தாள். அதன் மேல் ஓர் இரும்புக் கரண்டியைப் போட்டு வளையத்தின் மேல் வைத்தாள். வாணலி உம் என்றது. கொஞ்சம் கரகரப்பாக, ஆனால் உம்தான்.

"கேளு. வாணலி உம் கொட்டுது. இதுவும் உன் புள்ளையா? கரண்டி உன் மருமவளா?"

சின்னக்குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். அழுதிருந்தால் நதியாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவள் அழவில்லை.

"எனக்குத் தெரியும்டி. மொத வாரமே வெச்சுப் பாத்துட்டேன். வாணலி, தோசக்கல்லு, எல்லாம் கத்தும். வாணலிகிட்ட சொல்றதுக்கு எனக்கு இன்னா கீது?"

மிஷின் நின்று, மறுபடியும் துடித்தது. வாணலி உம் என்றது. நதியா அதை எடுத்துக் கீழே வைத்தாள்.

"செரி, பேசு. எவ்ளோ வேணாலும் பேசு. காலயும் போட்டுனு பேச வேண்டியதுதான? கத்தி வைப்பாங்கம்மா. இல்லன்னா நொண்டியாயிடுவ. உனக்கு நடக்க வாணாமா?"

சின்னக்குழந்தை தலையணை மேல் கிடந்த காலை, யாரோ விட்டுவிட்டுப் போன சாமானைப் பார்ப்பது மாதிரி பார்த்தாள்.

"கால் சேந்துட்டா மிஷினத் தூக்கினு போயிடுவியே" என்றாள்.

பனி கதவு வழியாக உள்ளே வந்து உட்கார்ந்தது. நதியா சுவரோரமாக உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். கொடுவாளைப் பிடுங்கிக்கொண்டு போகலாம். அம்மா நாளை முதல் வாயையும் மூடிவிடுவாள், வளையத்துக்குள் காலை வைத்துப் பிணம் மாதிரி படுத்திருப்பாள். இதே மாதிரி விட்டுவிடலாம். கார்த்திகையில் கத்தி, கத்திக்குப் பதில் பாறை. சித்தப்பாவிடம் சொல்லலாம். சொன்னால் அவர் மண்ணைத் தோண்டுவார், பூசாரியைக் கூட்டி வருவார், ஊர் மடித்து வைத்திருக்கும் சிரிப்பை எடுக்கும்.

எழுந்தாள். அம்மாவைத் தூக்கிக் கட்டிலில் கிடத்தி, உடைந்த இடம் சரியாக நடுவில் வருகிற மாதிரி காலில் வளையத்தை மாட்டினாள். கொடுவாளைப் பெட்டிக்குள் வைத்து மூடினாள். இரும்பு பக்கத்தில் இருக்கக் கூடாது என்று மேடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார், இருந்தால் காந்தப் புலம் காலை விட்டு அதன் பக்கம் சாய்ந்துவிடும். அதனால் பெட்டியைத் தள்ளித் தள்ளி, கேட்டும் கேட்காமலும் இருக்கிற தூரம் வரைக்கும் கொண்டுபோனாள். அங்கே லேசாக அதிர்ந்தாலும் ஆடுகிற மாதிரி அதற்குக் கீழே உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்றைச் செருகி, மூடியின் தாழ்ப்பாளை லேசாகத் தளர்த்திவிட்டாள். இப்போது காதைத் தீட்டிக்கொண்டு கேட்டால் கேட்டது. மெலிதாக, பக்கத்து அறையிலிருந்து வருகிற மாதிரி.

"சத்தம் கம்மியா கீது" என்றாள் சின்னக்குழந்தை.

"தூரத்துல வேலைக்குப் போயிருக்கான்ல? அப்பிடித்தான் கேக்கும்." தன் வாயா இதைச் சொல்வது என்று நதியாவுக்கே வியப்பாக இருந்தது. "கால் வளையத்துக்குள்ள இருந்தாதான் அவன் உம் கொட்டுவான். கால் சேந்ததும் மிஷின் போயிடும், கொடுவாளும் மண்ணுக்குப் போவணும். அதுவரைக்கும் எல்லாத்தையும் சொல்லி முடிச்சிக்க. இதுதான் பேச்சு."

சின்னக்குழந்தை கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். பிறகு, எங்கே விட்டேன் என்று பெட்டியைக் கேட்டாள். உம் என்றது. பஸ்ஸில் கத்திய கோழியிலிருந்து மறுபடியும் ஆரம்பித்தாள்.

அந்தக் கார்த்திகையும் மார்கழியும் அந்த வீட்டுக்குள் யாரும் வரவில்லை. அம்சவல்லி கஞ்சியை வாசலில் வைத்து, வந்திருக்கிறேன் என்பதற்கு அடையாளமாக ஒரு இருமல் இருமிவிட்டுப் போனாள். சித்தப்பா வேலிக்கு அப்பால் நின்று சேதி கேட்டார். சனிக்கிழமை சனிக்கிழமை நதியா வந்தாள். படியேறும்போதே குரல் கேட்கும். அவன் பிறந்த அன்று பெய்த மழை, அவன் அப்பா பாம்பு கடித்துச் செத்த கதை, மூன்று வருடத்தில் ஊரில் யார் யாரைக் கட்டிக்கொண்டார்கள், யார் கொல்லையில் பன்றி புகுந்தது. சின்னக்குழந்தை ஒன்றையும் விடவில்லை. ஓர் இழவு வீட்டில் மூன்று வருடம் கழித்து ஆரம்பித்த ஒப்பாரி மாதிரி இருந்தது, அழுகை மட்டும் இல்லை. நீயும் ஒரு வார்த்தை சொல்லேன் என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். இரும்புகிட்ட எனக்கு இன்னா பேச்சு என்று நதியா தண்ணீர் எடுக்கப் போய்விட்டாள். திரும்பி வந்து வெளியிலேயே நின்றாள், உள்ளே உம் நிற்கிற வரைக்கும்.

கார்த்திகைக் கடைசியில் எடுத்த படத்தில் கறுப்புக் கோட்டின் ஓரத்தில் புகை படிந்திருந்தது. மேடம் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இந்தக் காலுக்கு இப்போதுதான் காது கேட்டிருக்கிறது என்றார். எலும்பு டாக்டர் கெடுவைத் தள்ளி வைத்தார். தை போனது. மாசியில் கோடு போய்விட்டது. கத்தி வேண்டாம், கோல் ஊன்றி நடக்கட்டும், மிஷினைத் திருப்பிக் கொடுங்கள், இன்னொருத்தர் காத்திருக்கிறார் என்றார்கள்.

சின்னக்குழந்தை பேச்சு மாறவில்லை. கோலை ஊன்றிக்கொண்டு தானே சித்தப்பா வீட்டுக்குப் போய், அன்றைக்குப் புதைத்தது என் பிள்ளையுடையது இல்லை, என்னுடையது, இன்றைக்குத்தான் அவனுடையது என்று சொன்னாள். ரங்கசாமி கொஞ்ச நேரம் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு கடப்பாரையை எடுத்தார். ஊரில் யாரும் மடித்து வைத்த சிரிப்பை எடுக்கவில்லை. நடந்து வருகிறவளைப் பார்த்து வழிவிட்டார்கள்.

இந்தத் தடவை துணி சுற்றுகிற வேலை கூடப் பிறந்தவளுக்கு வந்தது. காலை வெயிலில் எல்லோரும் வாசலில் நிற்க, நதியா உள்ளே தனியாகப் பெட்டி முன்னால் உட்கார்ந்தாள். மிஷினைக் கழற்றி, ஒயரைச் சுற்றி, வேலூருக்குக் கொண்டுபோகத் துணிப்பையில் வைத்தாயிற்று. வீட்டில் சத்தமே இல்லை. பல மாதமாக இருந்த ஒரு ஆள் எழுந்து போன வீடு மாதிரி இருந்தது. மஞ்சள் துணியை விரித்தாள். கொடுவாளை எடுத்து அதன் மேல் வைத்தாள். செம்புக் கம்பி அவள் விரல் பட்டுப் பட்டு மினுமினுத்தது. ஒரு மடிப்பு மடித்தாள். இரண்டாவது மடிப்புக்குக் கை போகவில்லை. அம்மா எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். தான் ஒன்றைக்கூடச் சொல்லவில்லை.

வெளியே சித்தப்பா, ஆச்சாம்மா என்று குரல் கொடுத்தார்.

அடுப்படியில் உடைந்த கடப்பாரைத் துண்டு ஒன்று கிடந்தது. நதியா கொடுவாளை எடுத்துவிட்டு, அதைத் துணியில் சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

சின்னக்குழந்தை இரண்டு கையையும் நீட்டிப் பொட்டலத்தை வாங்கினாள். வாங்கியவள் நகரவில்லை. உள்ளங்கையில் அதை ஒரு தடவை மேலும் கீழும் அசைத்தாள். மாதக்கணக்கில் எடுத்து எடுத்து வைத்த கொடுவாளின் கனம் அவளுக்குத் தெரியாதா? கண்ணை உயர்த்தி மகளைப் பார்த்தாள். நதியா தரையைப் பார்த்தாள். துணியை அவிழ்க்கக் கூடாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும்.

"நட" என்றாள் சின்னக்குழந்தை. சேர்ந்த காலை முன்னால் வைத்து, கோலை ஊன்றி, தானே சுமந்துகொண்டு போய், குனிந்து, தானே மண் தள்ளினாள். திரும்பிப் பார்க்காமல் வரச் சொன்னார்கள். அவள் பார்க்கவில்லை.

மத்தியான பஸ்ஸுக்கு அம்மாவும் கூடவே நடந்து வந்தாள். நதியா ஏறிக் கடைசி சீட்டில் உட்கார்ந்தபோது, ஜன்னல் வழியாகக் கையை விட்டு, அவள் மடியில் இருந்த துணிப்பையைத் தடவினாள். மிஷின் பெட்டி, அதன் மேல் மடித்து வைத்த சுடிதார், சுடிதாருக்குள் வளைவான ஒன்று. அம்மாவின் கை அந்த வளைவின் மேல் கொஞ்சம் நின்றது.

"பேசு அவங்கிட்ட" என்றாள். "பாத்துப் போ."

டிரைவர் வண்டியை முடுக்கினான். பழைய பஸ். நின்ற இடத்திலேயே ஜன்னல், சீட்டு, கம்பி எல்லாம் நடுங்கியது. பைக்குள் கொடுவாளின் முதுகு மிஷின் பெட்டி மேல் பட்டுக்கொண்டு அதிர்ந்தது.

உம்.

என்ஜின் இரைச்சல் எப்படி இரும்பை அதிர வைக்கிறது என்று நதியாவுக்குத் தெரியும். எழுதச் சொன்னால் படம் போட்டு எழுதுவாள். பையின் வாயைக் குவித்துப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஆள் இல்லை என்று பார்த்துவிட்டுக் குனிந்தாள்.

"இன்னாடா மயிரு உம்மு? மழ அந்த மாதிரி பேயுது, அங்க இன்னா புடுங்கினு இருந்த? ஓடியாற வேண்டியதுதான? ரெண்டு வாட்டி போன் பண்ணியே, மூணாவது வாட்டி பண்ணக் கூடாதா?"

உம்.

பஸ் மலை இறங்கியது. ஒவ்வொரு வளைவிலும் பை குலுங்கியது, ஒவ்வொரு வளைவிலும் அவன் உம் கொட்டினான். அமிர்தி வந்தது. ஆள் ஏறினார்கள், கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனான். நதியா நிறுத்தவில்லை. மாப்பிள்ளை விஷயத்திலிருந்து ஆரம்பித்து, ஹாஸ்டல் சோறு, மொபைலில் அவன் நம்பரை இன்னும் அழிக்காதது, பட்டம் வாங்கிய அன்று கூட வர ஆள் இல்லாமல் கேன்டீனில் தனியாக உட்கார்ந்து டீ குடித்தது என்று கணியம்பாடி வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.

கணியம்பாடி தாண்டி ரோடு வழவழப்பானது. குலுக்கல் நின்றது. பையிலிருந்து சத்தம் வரவில்லை. நதியா பாதி வாக்கியத்தில் நிறுத்திக் காதைக் கொடுத்துப் பார்த்தாள்.

உம் நின்றால் அவன் தூங்கிவிட்டான் என்று அர்த்தம்.

பை சரியாதபடி ஒரு கையால் அணைத்துக்கொண்டு, வேலூர் வருகிற வரைக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை.